சம்பந்தியின் வலப்பக்கம்

கல்லுக்குழி
மழை மாதம், தேய்பிறை ஐந்து

அன்புத் தம்பி கொக்குக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நல்லா இருக்கிறேன். உன் பொண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே நல்லா இருக்கிறாள். நீயும் சம்பந்தியும் நோய்நொடி இல்லாமல் முகாம் போய்ச் சேர்ந்தீர்களா என்பதை முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

என் எழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் வாத்தியார் வெளியே போய் நில் என்றார். நான் அப்படியே நடந்து மாட்டுக் கொட்டகைக்கு வந்தவள்தான். வரி மேலே ஏறினால் நீயும் தலையைத் தூக்கிப் படி, கீழே இறங்கினால் குனிந்து படி. உன் கழுத்துக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

கொட்டகையில் பாதி காலியாகக் கிடக்கிறது. ஒரு மலைமாடு போனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றை யாரோ தூக்கிப் போன மாதிரி இருக்கிறது. இத்தனை நாளும் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சமே வந்ததில்லை, இப்போது கண்ணைக் குத்துகிறது. ஜோடி மாடு மாப்பிள்ளை இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். முந்தாநாள் பழக்கத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தான். சாய சம்பந்தி இல்லையே, தூணில் சாய்ந்தான். தூண் போச்சு. மேஸ்திரி ஓடிவந்து, "தூணுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று குதித்தார். "சாஞ்சவனையே கேளுங்க" என்றேன். நாலு ஆள் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

உன் பொண்டாட்டிக்கு ஒன்றுதான் புரியவில்லையாம். "ஊர்ல இவ்வளவு மாடு இருக்க எங்க மாட்டைத்தான் பிடிக்கணுமா அண்ணி?" என்கிறாள். நான் என்ன சொல்ல? சண்டைக்கென்று ஒரு நுகத்துக்கு ஒன்று பிரித்தெடுத்தார்கள். நீ "ஒதுங்கு" என்றதும் இரண்டும் ஒரே சமயத்தில் ஒதுங்கியதைப் பார்த்து அந்த மீசைத் தலைவன் வாயைப் பிளந்தான். எது பெரியது என்று கேட்டான். சாப்பாட்டை முதலில் தனக்கு வைக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாடுதானே பெரியதாக இருக்கும்? சம்பந்தி என்று நீ வைத்த பேர் வீண் போகவில்லை. அவரை மரியாதையாகக் கூட்டிப் போனார்கள். ஓட்டுகிறவனும் வரணும் என்று உன்னையும்.

சம்பந்தி அவர்கள் சாப்பிட்டாரா, கோபித்துக்கொண்டாரா, எழுது. நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா


படை முகாம்
மழை மாதம், அமாவாசை

அக்காவுக்கு,

சுகம். நீயும் அவளும் சுகமாக இருக்க வேண்டும். மழையில் இருமல் வந்தது, போய்விட்டது.

முகாம் பெரியது. படைக்கென்றே வளர்த்த செதில் மிருகங்கள் ஒரு வரிசை, நம்மைப் போல் கல் இழுத்த, மரம் இழுத்த மாடுகள் ஒரு வரிசை. செதில் மிருகங்களுக்கு வாயில் இரும்புப் பூட்டு. கறிதான் தின்னும். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் சம்பந்தி தவிட்டில் வாய் வைப்பதில்லை.

அக்கா, அவர் நகர மாட்டேன் என்கிறார். "ஏறு" என்றால் யாரோ எவனோ என்று என்னைப் பார்க்கிறார். "ஒதுங்கு" என்றாலும் அப்படித்தான். "நில்லு" என்றால் மட்டும் கேட்கிறார், ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதால். அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை.

பௌர்ணமிக்குச் சோதனை. கோட்டைக் கதவை இடிக்கிற மரத்தை மேட்டில் இழுத்துப்போய்த் திரும்பி வரவேண்டும். வராத மாடு சமையல் கொட்டகைக்குப் போகும். அதை ஓட்டியவன் கையில் ஈட்டி கொடுத்து முதல் வரிசையில் நிறுத்துவார்கள். முதல் வரிசைக்காரர்களுக்கு மறுநாள் சோறு எடுத்து வைக்கிற வழக்கம் இங்கே இல்லை.

இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. உனக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் எழுது.

தம்பி


கல்லுக்குழி
மழை மாதம், வளர்பிறை நான்கு

அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். உன் இருமல் போனது சந்தோஷம். திரும்பி வந்தால் சுக்குத் தண்ணி குடி, வீரன் மாதிரி சும்மா இருக்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு அடி எனக்கு, ஒரு அடி உனக்காக. டேய், சம்பந்திக்கு யார் எப்போது சொல் சொல்லிக் கொடுத்தது? வலப்பக்க மாட்டுக்குச் சொல், இடப்பக்க மாட்டுக்குத் தோள், அதுதானே கல்லுக்குழி வழக்கம்? இரண்டுக்கும் சொல் பழக்கினால் இரண்டும் தனித்தனியாக யோசிக்கும், கல்லோடு பள்ளத்தில் விழும் என்றுதானே ஒன்றுக்கு மட்டும் பழக்குகிறோம்? நீ "ஒதுங்கு" என்றபோது ஒதுங்கியது மாப்பிள்ளை. அவன் தோள் விலகிய பக்கம் சம்பந்தி தானும் விலகினார், அவ்வளவுதான். நுகத்தை விட்டு அவர்களை ஒருநாளும் பிரித்ததில்லை, அதனால் நமக்கே மறந்துவிட்டது. மீசைக்காரன் ஏமாந்தான் என்றால் அவன் புதுசு. நாம் எதில் சேர்த்தி?

இந்த வயசில், ஒரு பௌர்ணமிக்குள், அவருக்குச் சொல் ஏறாது. அதனால் இப்படிச் செய். மாப்பிள்ளையின் கழுத்துத் திண்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து அனுப்பியிருக்கிறேன். முழுத் திண்டையும் ஏற்றினால் சாமான் வண்டிக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார், அந்த நாற்றம். அதை உன் இடது தோளில் கட்டிக்கொள். சம்பந்திக்கு வலப்பக்கம், முன்னங்காலை ஒட்டி நில். உன் தோள் அவர் முட்டிக்குத்தான் எட்டும். கொக்காகப் பிறந்ததற்கு இன்றைக்குத்தான் பிரயோஜனம், நான் நின்றிருந்தால் கணுக்காலோடு சரி. போகணும் என்றால் முட்டியில் அழுத்திக்கொண்டு முன்னால் நட. திரும்பணும் என்றால் தள்ளு. நிற்கணும் என்றால் சாய்ந்துகொள். மாப்பிள்ளை செய்கிறதை நீ செய்.

உன் பொண்டாட்டிக்குக் கடிதத்தில் "தம்பி சுகம், சம்பந்தி சோம்பேறி" என்ற இரண்டை மட்டும் படித்துக் காட்டினேன்.

சோதனை முடிந்த உடனே எழுது. உடனே என்றால் உடனே.

அக்கா


படை முகாம்
மழை மாதம், பௌர்ணமி கழித்து மூன்றாம் நாள்

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் எப்படி?

தேறிவிட்டோம். திண்டை முகர்ந்து சம்பந்தி இழுத்த மூச்சில் என் தலைப்பாகை அவர் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் என் மேல் மெல்லச் சாய்ந்தார். நான் நடந்தேன், நடந்தார். மரத்தை மேட்டில் ஏற்றித் திரும்பிவந்தோம். தலைவர் மீசைக்குள்ளேயே சிரித்தார். பக்கத்தில் விறகு மாடு ஓட்டிய பெரியவர் தேறவில்லை.

சம்பந்தியின் முதுகில் வைக்கக் கூண்டு கொடுத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் இரும்புத் தகடு. அம்பு ஏறாது, மழை இறங்காது. உள்ளே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு விசாலம்.

சாமான் வண்டி இந்தப் பக்கம் வந்தால் தடித்த அடி வைத்த செருப்பு இரண்டு ஜோடி அனுப்பு. இடது தோளுக்கு மடித்துத் தைத்த துணி கொஞ்சம். வேறு ஒன்றும் வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தம்பி


கல்லுக்குழி
பனி மாதம், வளர்பிறை இரண்டு

கூண்டுக்குள் குடியேறிய கனவானுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உடம்பு தேறியதும் மாடு தேறியதும் படித்து, மேஸ்திரியிடமே போய்ச் சொன்னேன். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேல் வரிசையில் இரண்டு பல் கிடையாது, அதனால்தான் இத்தனை வருஷமும் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

செருப்பு அனுப்பியிருக்கிறேன். அடித்தோலை நான் வெட்டினேன், உன் தையல்காரிப் பொண்டாட்டி தைத்தாள். உன் பாதம் அளவுக்குத் தோல் தேட எங்கள் தாவு தீர்ந்துவிட்டது. தோள்துணியில் அவள் உள்ளே பஞ்சு வைத்திருக்கிறாள், வெளியே பூ போட்டிருக்கிறாள். பூ எதற்கு என்றேன். "சண்டையில யாராவது பாத்தா நல்லாயிருக்கும்ல அண்ணி" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்புறம் ஒரு சமாசாரம். அவள் காலையில் எழுந்தால் வாந்தி எடுக்கிறாள். என் சமையலால் இல்லை. காரணம் யார் என்று உனக்கே தெரியும், நான் வேறு எழுதணுமா? மண் தின்னாதே என்றால் கேட்பதில்லை. மாப்பிள்ளையின் தவிட்டில் ஒரு பிடி காணாமல் போகிறது, அவன் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.

ஒற்றை மாட்டுக்குத் தகுந்த சின்னக் கல்தான் இப்போது இழுக்கிறோம். பாதி வேலை, பாதி சோறு. சமாளித்துவிடலாம். நீ கூண்டுக்குள் காலை நீட்டி உட்கார், சண்டை எல்லாம் கீழே இருக்கிறவர்கள் போடட்டும்.

அக்கா


எல்லைக் கோட்டை
பனி மாதம், தேய்பிறை ஒன்பது

அக்காவுக்கு,

நலம். அவளைப் பாரம் தூக்க விடாதே. குனிந்து தைக்கவும் விடாதே.

செய்தியைப் படித்ததும் சம்பந்தியிடம்தான் முதலில் சொன்னேன். சொல் புரியாதவர், ஆனாலும் சொன்னேன்.

முதல் கோட்டை விழுந்தது. இன்னும் இரண்டு இருக்கிறதாம். செருப்பு தேய்ந்துவிட்டது. மூன்று ஜோடி அனுப்ப முடியுமா? தோள்துணியும். பூ வேண்டாம், பஞ்சு கூட வை.

தம்பி


கல்லுக்குழி
பனி மாதம், அமாவாசை

தம்பி,

நாங்கள் நலம். செருப்பு மூன்று ஜோடி, தோள்துணி ஆறு, வண்டியில் வருகிறது.

அடித்தோல் வெட்டும்போது உன் பொண்டாட்டி சும்மா கேட்டாள், "அண்ணி, கூண்டுக்குள்ள உக்காந்திருக்கிறவருக்குச் செருப்பு எப்படித் தேயுது?" என்று. கத்தி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. "உங்க வீட்டுக்காரன் உக்கார்ந்த இடத்துலயும் காலை ஆட்டிக்கிட்டே இருப்பான்டி" என்றேன். சிரித்தாள். நம்பினாளா தெரியாது.

அவள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். நான் கேட்பதற்கு நீ பொய் சொல்லாதே. கூண்டு பெரியது என்று எழுதினாய், தகடு என்று எழுதினாய், மழை இறங்காது என்று எழுதினாய். அதற்குள் நீ ஏறினாய் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன்.

கதவு இடிக்கும்போதும் தரையில் நிற்கிறாயா? மேலிருந்து எண்ணெய் ஊற்றுவார்கள் என்று வண்டிக்காரர் சொன்னார். மாடு நிற்கட்டும்டா. நீ மேலே ஏறு.

அக்கா


எல்லைக் கோட்டை
வெயில் மாதம், வளர்பிறை எட்டு

அக்காவுக்கு,

கோபப்படாதே. உடம்புக்கு ஆகாது.

நடந்துதான் போகிறேன். மேலே ஏறினால் அவர் நின்றுவிடுகிறார். ஒருநாள் ஏறிப் பார்த்தேன். கதவுக்கு முன்னால் நடுவழியில் நின்று, வலப்பக்கம் திரும்பித் தேட ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அடிபட்டார்கள். தலைவர் சமையல் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். நான் இறங்கினேன். அவர் நின்றால் ஈட்டி வரிசை, நடந்தால் அவர் காலடி நிழல். நிழல் பரவாயில்லை. எண்ணெய் பாதி அவர் மேல்தான் விழுகிறது.

இடது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. அவர் மெல்லத்தான் சாய்கிறார். சத்தம் கேட்டுப் பயந்தால் மட்டும் கொஞ்சம் அதிகம் சாய்கிறார். அவர் மேல் தப்பில்லை.

நீ என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே எழுதுகிறேன். மாப்பிள்ளையை அனுப்பாதே. இரண்டும் சேர்ந்தால் நான் மேலே உட்கார்ந்து சொல் சொல்லி ஓட்டலாம், வாஸ்தவம். ஆனால் அவன் இல்லாவிட்டால் நீயும் அவளும் எதைத் தின்பீர்கள்? பிறக்கப் போகிறதுக்கு எது? அவனை அனுப்பினால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

தம்பி


கல்லுக்குழி
வெயில் மாதம், தேய்பிறை ஒன்று

என் அருமைக் கொக்குக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று உள்ளே இருக்கிறதுக்கு.

நீ சொன்னால் சரிதான். மாப்பிள்ளையை அனுப்ப மாட்டேன். என்னோடு நீ பேசாமல் போனால் நான் யாரைக் கிண்டல் செய்வது?

ஆனால் பாவம், அவனுக்குப் பல்வலி. கடைவாய்ப் பல். ஏணி போட்டு ஏறி, வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பயப்படாதே, தலை இன்னும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், இந்த மாதிரிப் பெரிய வாய்க்கெல்லாம் அவர்தான் பார்க்கிறாராம். கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். நடந்து போய் நடந்து வரணும், கொஞ்ச நாள் ஆகும். அதுவரை கடிதம் வராது, கவலைப்படாதே. உன் பொண்டாட்டியை மேஸ்திரி வீட்டம்மா பார்த்துக்கொள்கிறார். கல் இழுக்க நாதி இல்லையே என்று மேஸ்திரி முனகினார். உங்கள் பல் இரண்டையும் சேர்த்து வைத்தியரிடம் கேட்டு வருகிறேன் என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

நான் வருகிற வரைக்கும் அந்தத் தோளைப் பார்த்துக்கொள். சூடு போட்டு ஒத்தடம் கொடு.

அக்கா


கல்லுக்குழி
காற்று மாதம், வளர்பிறை ஒன்பது

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். அவள் நலம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறாள். உன் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன், இதையாவது ஒழுங்காகப் படி.

நீ எனக்குச் செய்தது நியாயமா?

முகாம் வாசலில் மாப்பிள்ளையைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "பல் வைத்தியர் வீடு கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சுடா" என்று நீ சொன்னபோது காவல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். சம்பந்தி போட்ட சத்தத்தில் செதில் மிருகங்கள் பின்வாங்கியதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டையும் நுகத்தில் பூட்டி, ஒருவர் தோள் ஒருவர் மேல் படுகிறபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன். நீ ஊருக்குத் திரும்புவாய், நான் கூண்டில் ஏறுவேன் என்று நினைத்தேன்.

தலைவர் முன்னால் "ஏறு" என்றேன். மாப்பிள்ளை அசையவில்லை. "ஒதுங்கு" என்றேன். காது கூட ஆடவில்லை. பத்து வருஷமாக என் சொல்லுக்கு நடந்தவன் அக்கா! நீ பக்கத்தில் வந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாய், இரண்டும் ரதம் மாதிரி நடந்தன. "என் பேச்சைத்தாங்க கேப்பான், இவனுக்கு எங்க வீட்டுல நாய்கூடக் கேக்காது" என்று நீ சொன்னாய். தலைவர் ஒரு நுகத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் சோறு என்றார். என் கையைத் தூக்கச் சொன்னார். எழும்பவில்லை. கேடயம் பிடிக்க முடியாதவன் ஈட்டி வரிசைக்கும் ஆகமாட்டான், ஊருக்குப் போ என்றுவிட்டார்.

பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நடந்து வந்த நாட்கள் முழுவதும் அவனுக்குப் பழைய சொல்லை மறக்கடித்து வேறு சொல் பழக்கியிருக்கிறாய். இதற்கு எத்தனை நாள் தொண்டை வறண்டிருப்பாய்!

புதுச் சொல் என்னவென்று எழுது. மூன்று சொல்தானே. ஏறுவதற்கு, ஒதுங்குவதற்கு, நிற்பதற்கு. கை நாளாவட்டத்தில் சரியாகும். நான் வந்து கூண்டில் ஏறுகிறேன், நீ இறங்கி வீட்டுக்கு வா. பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டியவள் நீதான், எனக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாது.

எழுது அக்கா.

தம்பி


ஆற்றங்கரை முகாம்
காற்று மாதம், தேய்பிறை ஏழு

வெந்நீர் வைக்கத் தெரியாத தம்பிக்கு,

ஆசீர்வாதம். நான் குண்டாகிவிட்டேன், அவ்வளவு நலம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வை. குமிழி வந்தால் அது வெந்நீர். இதைத்தான் இத்தனை வருஷமாக உனக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்துகொண்டிருந்தேன்.

சொல் என்ன, சொல் என்ன என்று கேட்கிறாய். சொன்னால் வந்துவிடுவாய், அதனால் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்த சொல்தான், இவ்வளவு போதும்.

நான் கூண்டுக்குள்தான் இருக்கிறேன். பொய்யில்லை. தகடு வெயிலில் கொதிக்கிறது, வடகம் காயப்போடலாம். மேலே இருந்து பார்த்தால் தலைவருடைய மண்டையில் நடுவில் முடியே இல்லை. மீசையை வளர்த்த ஆள் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வரிசையில் முன்னே ஒன்பது கூண்டு, இப்போது கொஞ்சம் விசாலமாக நடக்கிறோம்.

சம்பந்தி பழையபடி சாப்பாட்டுக்கு மூஞ்சியைத் தூக்குகிறார். நீ இல்லை என்று முதல் இரண்டு நாள் தன் முட்டியைக் குனிந்து குனிந்து பார்த்தார். உன் தோள்துணி ஒன்று கூண்டில் கிடந்தது, பூப் போட்டது. அதை அவர் முட்டியில் கட்டிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது பார்த்தால் நல்லாயிருக்கும் என்றாளே.

ஆற்றைக் கடக்கப் போகிறோமாம். அக்கரையில் அவர்களுடைய மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருவதை இங்கிருந்தே பார்க்கலாம். அவையும் எங்கேயோ கல் இழுத்தவைதான் போலிருக்கிறது, கழுத்தில் நுகத் தழும்பு இருக்கிறது. ஒன்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தியது. இவனும் பதில் கத்தினான். வாயை மூடுடா, சண்டை என்றேன்.

பிள்ளை பிறந்ததும் எழுது. ஆணா பெண்ணா என்பதைவிட உயரம் எவ்வளவு என்று எழுது.

அக்கா


கல்லுக்குழி
அடுத்த மழை மாதம், வளர்பிறை மூன்று

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பெண் பிறந்தது என்று எழுதினேன். அவளுக்குப் பல் முளைக்கிறது என்று எழுதினேன். சண்டை முடிந்ததாக முரசு அடித்த அன்றைக்கு ஒன்று எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை. முகாம் கலைந்திருக்கும், கடிதம் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். இதையும் அதே முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். உயரம் கேட்டாயே, இப்போதே என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கிறாள்.

நேற்றுக் காலையில் மாப்பிள்ளை வந்துவிட்டான்.

நாலு செதில் மிருகங்களைப் பூட்டி, சங்கிலி போட்டு இழுத்து வந்தார்கள். கொம்பில் நம் கல்லுக்குழி முத்திரை இருந்ததால் இங்கே கொண்டுவந்தார்களாம். கொண்டுவந்த படைக்காரன் சின்ன வயசு ஆள், தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

"இதை ஓட்டுன அம்மா எங்கேங்க?" என்றேன்.

"தெரியாதுங்க. ஆத்துக்கு இந்தக் கரையில ஒத்தையா நின்னுச்சு. பாதி நுகம் கழுத்துல தொங்குச்சு."

"பாதியா? இடப்பக்க மாடு?"

"ஆத்துல போன மாடுங்க நிறைய."

"மேல கூண்டு இருந்துச்சா?"

"இல்லைங்க. அண்ணே, யாரு சொன்னாலும் நகர மாட்டேங்குது. முந்தி மாதிரின்னா அடுப்புக்கு அனுப்பியிருப்பாங்க, சண்டை முடிஞ்சதால தப்பிச்சுது. நீங்களாச்சு, உங்க மாடாச்சு" என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

கொட்டகைக்கு முந்தின வளைவில், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே வரமாட்டேன் என்கிறான். அவன் வயிற்றுக்குக் கீழே புகுந்துதான் ஜனங்கள் போய் வருகிறார்கள். மேஸ்திரி வந்து பார்த்தார். கத்தவில்லை, அவன் காலைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். இவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் நிழலில் உட்கார்ந்து தைக்கிறாள். தவிடு வைத்தோம். இடப்பக்கத்தில் ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டு, தன் பங்கை மட்டும் தின்றான்.

நேற்றிலிருந்து சொல் சொல்லிப் பார்க்கிறேன். வா என்றேன், போ என்றேன், நட, எழு, கல்லு, வீடு எல்லாம் ஆயிற்று. தவிடு, தண்ணீர், பேர் பேராகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சொல்தான் என்று எழுதியிருந்தாயே என்று, சின்ன வயசிலிருந்து நீ என்னைத் திட்டிய திட்டையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். தெருவே கூடி நின்று சிரித்தது. வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கு மத்தியானம் ஒரு சொல்லுக்கு அவன் காது ஆடியது. தலையைக் குனிந்து என் முகத்துக்கு நேரே மூச்சு விட்டான். திரும்பச் சொன்னேன். ஒரு அடி எடுத்து வைத்தான். அப்புறம் நின்று, யார் சொன்னது என்று என் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு நகரவில்லை.

எந்தச் சொல் என்று உனக்கு எழுத மாட்டேன். நான் அவ்வளவு கேட்டும் நீ எழுதினாயா? நீயே வந்து கேட்டுக்கொள்.

தம்பி